நீலம் ஒட்டிய நாற்காலி

அந்தத் துணை நடிகைக்கு நீலக்கா என்ற பெயரை அவள் நடித்த தொலைக்காட்சித் தொடர்தான் கொடுத்தது. வேற்றுக்கிரகம் ஒன்றில் சுரங்கம் தோண்டும் நீலத்தோல்காரர்கள், எசமானர்கள் முன்னால் உட்காரவே கூடாது என்பதுதான் அதன் கதை. காலையிலேயே உடம்பெல்லாம் சாயம் பூசிக்கொண்டு, நீலக் கூட்டத்தின் முன்வரிசையில் வருடக்கணக்காக நின்றாள். கேமரா நின்ற பிறகும் நின்றாள். சாயம் ஒட்டிவிடுமாம், அதனால் நீலம் பூசியவர்களுக்கு செட்டில் நாற்காலி கிடையாது. கதையில் வந்தால் அநியாயம், செட்டில் வந்தால் ஒழுங்கு. பேட்டிகளில் சமத்துவம் பற்றி வாய் கிழியப் பேசும் கதாசிரியர் கண்ணில் இது ஒருநாளும் பட்டதில்லை.

அன்று கலகக் காட்சி. நீலக்கா சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்து, "என் சனம் உட்காரும்வரை எழமாட்டேன்" என்ற வசனத்தை ஒரே டேக்கில் வெளுத்துக்கட்டினாள். இயக்குநர் கட் சொன்னார். அவள் அசையவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். "எந்திரிங்கக்கா. அடுத்தது ராஜா உக்கார்ற ஷாட். சாயம் ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும். எங்க ஆளுங்களுக்கு நாற்காலி போடுங்க, எந்திரிக்கிறேன்."

"அக்கா, சீன் முடிஞ்சிருச்சு."

"எனக்கு முடியலையே." அவள் கதாசிரியர் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க சார். நீங்க எழுதினதுதானே?"

கதாசிரியர் மெல்ல எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தானே தூக்கி வந்து நீலக் கூட்டத்தின் முன்னால் வைத்தார்.

சாயங்காலத்துக்குள் அந்த செட்டில் நீலம் ஒட்டாத நாற்காலி ஒன்றுகூட மிச்சமில்லை.