கூறை மாற்றும் அறை

சுபோதினிக்கு மறதி குறைவு. அதிலும் பெரியப்பா சவுந்தரநாயகம் சொன்ன ஒரு சொல்லைப் பத்து வருடமாக நெஞ்சில் வைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள்.

வங்கி வேலையை விட்டுவிட்டு அவள் மணப்பெண் அலங்காரத்தில் இறங்கியபோது, பெண் பெரியவளான சடங்குக்குச் சொந்தபந்தம் கூடிய ஒரு சாமத்திய வீட்டில் வைத்து அவர் சொன்னார்: "சீலை உடுத்திவிடுறது வேலைக்காரியின்ர வேலை. அதில ஆர் சோறு திண்டது?" எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய அம்மாவும் சிரித்தாள். அதுதான் ஆறவில்லை.

முதல் மூன்று வருடம் பெரியப்பா சொன்னதுதான் நடந்தது. தெஹிவளையிலிருந்து பெட்டியைச் சுமந்து பஸ்ஸில் அலைந்தாள்; மூன்று வேளையும் பாணும் சம்பலும். பிடித்த வேலை என்று வயிறு விட்டுக்கொடுக்குமா? ஆனாலும் சேலைக்குக் கொய்யக மடிப்பு எடுக்கத் தொடங்கினால் அவளுக்குப் பசி தெரியாது. இன்று வெள்ளவத்தையில் சொந்தக் கடை, நான்கு பெண்கள் வேலைக்கு. ஆவணி முகூர்த்தத்துக்குத் தையிலேயே பதிய வேண்டும்.

பெரியப்பாவின் மகள் யதுஷாவுக்குக் கல்யாணம் வந்தது. சுபோதினிதான் உடுத்த வேண்டுமென்று கனடா மாப்பிள்ளையின் தாய் ஒற்றைக்காலில் நின்றாள். சொந்தத்துக்குச் சும்மா செய்வாய்தானே என்று பெரியப்பா ஃபோனில் கேட்டார். முழுக் காசையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டாள்.

மணவறையில் கூறைச் சேலையைக் கொடுத்து, உடுத்தி வரப் பெண்ணை அனுப்புவார்கள். அவள் திரும்பினால்தான் தாலி. முகூர்த்தம் முடிய இருபத்தைந்து நிமிடம். சுபோதினி பத்தில் முடித்தாள். பிறகு கதவைப் பூட்டிவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள். நடனம் படிக்க ஆசைப்பட்ட மகளைக் கணக்கியலுக்குத் துரத்தியவர் இதே தகப்பன்தான். யதுஷா கண்ணாடியில் சிரித்து, "இன்னும் கொஞ்சம் இருப்பம் அக்கா" என்றாள்.

ஐயர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார். மூன்றாம் தரம் பெரியப்பாவே வந்து தட்டினார்.

"நேரம் போகுது பிள்ளை, திற."

"வேலைக்காரி உடுத்திக்கொண்டிருக்கிறாள் பெரியப்பா."

யார் அந்த வேலைக்காரி என்று சம்பந்தியம்மா விசாரிப்பது உள்ளே கேட்டது.

"நான் அண்டைக்குச் சொன்னது பிழை" என்றார் பெரியப்பா.

"கேக்கேல்லை."

சத்தமாகச் சொன்னார். முன்வரிசைக் கதிரைகள் திரும்பும் ஓசை வந்தது.

சுபோதினி கதவைத் திறந்தாள். இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. மணிக்கூட்டில் ஒரு கண் வைத்துத்தான் இருந்தாள். கூறையில் ஒரு கொய்யகமும் பிசகவில்லை. மகளைக் கண்ட பெரியப்பா வழிவிட்டு விலகினார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மா, வென்றுவிட்டாய் என்பதுபோலச் சிரித்தாள்.

"நீங்கள் சிரியாதேங்கோ அம்மா" என்றாள் சுபோதினி.