நீங்கள் இருக்கும் இடம்

நகரம் முடிந்து ஆறு தொடங்கும் இடத்தில் அந்த இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேற இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். வழி தவறினால் எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் பாதை பிரியும் இடங்களில் நாற்பத்திரண்டு வரைபடப் பலகைகள் வைத்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. ‘நீங்கள் இருக்கும் இடம்’ என்ற சிவப்புப் புள்ளியை மட்டும் பலகைக்குப் பலகை கையால் ஒட்ட வேண்டும். அதை ஒட்டியவளைப் பூங்காவில் எல்லாரும் பொட்டு அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

பொட்டு அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடம் பை தைக்கும் தொழிற்சாலையில் ஜிப் வைத்தவள். தொழிற்சாலையை இழுத்து மூடியதும் இங்கே புல் வெட்ட வந்தாள். தற்காலிக வேலைதான், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆனால் வெட்டவெளியில் நின்றும் பிழைக்கலாம் என்பது அந்த வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு ரொம்பவும் பிடித்துப்போய்விட்டது.

வீட்டில் இதற்கு மரியாதை இல்லை. கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். “ஒரு பொட்டு வைக்கிறதுக்கு ஒரு ஆளா?” என்று கேட்டபடியே தட்டின் முன் உட்காருவார். அவருடைய அக்காவுக்குத் தையல் கடை. பட்டன் தைக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று இரண்டு வருடமாகத் தம்பி மனைவிக்கு வலை வீசிக்கொண்டிருந்தாள். காலை முதல் மாலை வரை அந்த நாத்தனாரின் கண்ணெதிரே உட்காருவதை நினைத்தே பொட்டு அக்கா ஒவ்வொரு முறையும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவாள். நாத்தனார் கெட்டவள் இல்லை. வாயை மூடமாட்டாள், அவ்வளவுதான்.

பலகைகள் நட்ட இரண்டாவது வாரம் புகார்கள் வந்தன. வாசலைத் தேடிப் போனவர்கள் ஆற்றுச் சேற்றில் போய் நின்றார்கள். ஒரே வாத்தை மூன்று முறை பார்த்துவிட்டோம் என்று ஒரு குடும்பம் புகார்ப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தது.

மேலாளர் அவளைக் கூப்பிட்டார். “பதினோரு பலகையில பொட்டை மாத்தி மாத்தி வச்சிருக்கீங்க. இந்த மாசக் கடைசியில உங்க வேலையைப் புதுப்பிக்கிறது கஷ்டம்மா.”

“பார்த்துதான் வச்சேன் சார்.”

“பார்த்த லட்சணம்தான் புத்தகத்துல இருக்கே.”

அன்று மாலை வீட்டில் அவளே சொன்னாள். கணவர் வருத்தமாகத் தலையாட்டிவிட்டு, கையோடு அக்காவுக்கு போன் போட்டு, ஒன்றாம் தேதி வருவாள் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பழைய காகித வரைபடத்தை எடுத்துக்கொண்டு பதினோரு பலகைகளையும் நடந்தே சரிபார்த்தாள். புள்ளிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அவளுக்கு அழுகை முட்டியது. தப்பு இருந்தால் திருத்தலாம், சரியாக இருப்பதை என்ன செய்வது? கடைசிப் பலகையின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆறு இடதுகைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் அது வலதுகைப் பக்கம் இருந்தது. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். வடக்கு தெற்கு எல்லாம் அவளுக்கு என்றைக்கும் குழப்பம். போகிற திசைக்குத் தக்கபடி காகிதத்தைத் திருப்பிக்கொள்வாள். காகிதத்தைத் திருப்பலாம். பலகையை யார் திருப்புவது?

மேலாளரை இழுக்காத குறையாக அங்கே கூட்டிவந்தாள்.

“ஆறு எந்தப் பக்கம் சார்?”

“இடது பக்கம்.”

“படத்துல?”

அவர் பலகையைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், கடைசியில் கழுத்தைச் சாய்த்து மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

“இதைப் பிடுங்கிப் பாதைக்கு அந்தப் பக்கம் நட்டா, இப்படித் திரும்பி நின்னு பார்ப்பாங்க. அப்ப எல்லாம் சரியாயிடும் சார்” என்றாள்.

பலகைகளை எங்கே நட வேண்டும் என்று குறித்துக் கொடுத்தவர் அவர்தான். அதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நான்கு நாளில் பதினோரு பலகைகளும் இடம் மாறின. புகார் நின்றது. வேலையைப் பற்றி மட்டும் மனிதர் வாய் திறக்கவில்லை.

மாதக் கடைசி நாள் சாயங்காலம் கணவரிடமிருந்து போன் வந்தது. “அக்கா உனக்கு நாற்காலியே வாங்கிப் போட்டுட்டா. கடை சாத்துறதுக்குள்ள ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்னு உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன். உள்ள எங்க இருக்கேன்னே தெரியல. நீ வா.”

அவள் படகுத்துறையில் நாணல் வெட்டிக்கொண்டிருந்தாள். “பக்கத்துல பலகை இருக்கா?”

“இருக்கு.”

“அதுல சிவப்பா ஒரு பொட்டு இருக்கா?”

“இருக்கு.”

“அதுதான் நீங்க. நான் படகுத்துறையில இருக்கேன். பார்த்து வாங்க.”

சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். கால் மணி நேரத்தில் அவர் வந்து சேர்ந்தார். செருப்பில் சேறு இல்லை என்பதை அவள் முதலில் பார்த்தாள்.

“வழி கேட்டீங்களா?”

“யாரையும் கேட்கல. மூணு பலகை பார்த்தேன்.” வெட்டிப் போட்டிருந்த நாணலைத் தாண்டி அவள் பக்கத்தில் வந்து நின்றார். “மேலாளர் என்ன சொன்னாரு?”

“மத்தியானம் கையெழுத்துப் போட்டுட்டாரு.”

அவர் போனை எடுத்தார். “அக்கா, பட்டனுக்கு வேற ஆள் பாரு. இவளுக்கு இங்க வேலை இருக்கு.”