ஒரு 'ங்க' படுத்திய பாடு

பத்து நாள் முன்பு ஓர் எருமை, அரசாங்கச் சேவை ஒன்றின் மானத்தைக் காப்பாற்றியது. நம்ப மாட்டீர்கள்... நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எங்கள் சித்தூர்ப் பக்கம் நெல் அறுக்கும் மிஷினை இப்போது போனிலேயே பதிவு செய்யலாம். அரசும் ஒரு தனியார் கம்பெனியும் கைகோத்துச் செய்த ஏற்பாடு. நம்பரை அழுத்தினால் ஒரு பெண் குரல் தமிழிலேயே கேள்வி கேட்கும். நாம் பதில் சொன்னால் போதும். ஃபாரம் வேண்டாம், க்யூ வேண்டாம். நல்ல விஷயம்தானே?

பக்கத்து வீட்டு சரஸ்வதியக்காவுக்கு இரண்டு ஏக்கர் நெல். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. வானத்திலோ மேகம். "மழை புடிச்சுதுன்னா பூராம் சாஞ்சு மொளச்சுப் போயிருமுங்க தம்பி" என்று காலையிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தார். நான்தான் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரையும் ஆன் செய்து கொடுத்தேன்.

"உங்கள் பெயரைச் சொல்லுங்கள்."

"சரஸ்வதிங்க."

"நன்றி, சரஸ்வதிங்க."

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா, எத்தன மரியாதையாப் பேசுது! நம்மூருப் புள்ளையாட்டவே இருக்குதுங்க!"

கால் மணி நேரத்தில் மெசேஜ் வந்தது. நிலப் பதிவேட்டில் 'சரஸ்வதிங்க' என்று யாரும் இல்லையாம். பயிர்ப் பட்டியலில் 'நெல்லுங்க' என்று ஒரு பயிரே கிடையாதாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது!

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மிஷின் எங்கள் பக்கம் இருப்பது மறுநாள் மாலை வரைதான்.

கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். மலையாளமும் தமிழும் கலந்து ஓர் இளம்பெண் பேசினார். "சேச்சி, பேரு மட்டும் பறஞ்சா மதி, அது போதும். பின்னால ஒண்ணும் சேர்க்க வேண்டா."

அங்கேதான் சிக்கல். "மொட்டையா எப்புடீங்க சொல்றது? சண்டைக்கு நிக்கறாப்பல இருக்குமுங்க!" என்றார் அக்கா. இருந்தாலும் முயன்றார். "சரஸ்வதி..." என்று நிறுத்தினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "...ங்க." அடுத்த தடவை முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தார். முந்தானைக்குள்ளிருந்தும் அது வந்தது.

அரசு பட்டியலைத் தந்தது, கம்பெனி குரலைத் தந்தது. எத்தனை மீட்டிங் போட்டிருப்பார்கள்! அதில் ஒன்றுக்காவது சித்தூர்க்காரர் ஒருவரை அழைத்து, டீ கொடுத்துப் பேச விட்டிருந்தால்? 'ங்க' போடாமல் எங்களால் கொட்டாவிகூட விட முடியாது என்று ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

"அக்கா, யாருகிட்டயாச்சும் 'ங்க' போடாமப் பேசுவீங்களா?" என்று கேட்டேன். யோசித்தார். வீட்டுக்காரரிடம்? கிடையவே கிடையாது. மூன்று வயதுப் பேரனிடம்? அவனுக்கும் "வாங்க கண்ணு"தான். கடைசியில் அவர் பார்வை மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனது.

மறுபடி நம்பரைப் போட்டேன். அக்கா எருமைக்கு நேராக நின்றுகொண்டு, ஒவ்வொரு கேள்விக்கும் அதைப் பார்த்து அதட்டினார்.

"சரஸ்வதி!... நெல்லு!... ரெண்டு ஏக்கரு!"

எருமை காதை ஆட்டியது. "உங்கள் பதிவு ஏற்கப்பட்டது" என்றது குரல்.

மறுநாள் மதியம் மிஷின் வயலில் இறங்கியது. நெல்லைக் களத்தில் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடிய பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. அக்கா அழுதேவிட்டார். எனக்கும் கண் கலங்கியது... சும்மா சொல்லக் கூடாது.

அந்த இளம்பெண் நடந்ததை மேலே சொல்லியிருக்கிறார் போல. ஒரே வாரத்தில் திருத்திவிட்டார்கள்! இப்போது அந்தக் குரல் 'ங்க'வை ஒதுக்கிவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதோடு, தானும் 'ங்க' போடப் பழகிவிட்டது. அரசு, கம்பெனி இரண்டு தரப்புக்கும் தாராளமாகக் கை தட்டலாம்.

நேற்று அக்காவுக்கு அதே நம்பரிலிருந்து அழைப்பு. "வணக்கமுங்க. அறுப்பு நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"

அக்கா பழக்க தோஷத்தில் அதட்டினார் — "முடிஞ்சுது, நவுந்து நில்லு!"