யானைப்படை எந்த ஸ்டேஜ்?

வரலாறு நடத்துவது ஒரு விசித்திரமான தொழில். இல்லாதவர்களைப் பற்றி, இருந்தும் இல்லாதது போல் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச வேண்டும். சக ஆசிரியர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1999-ல் மைசூரில் ஒரு கல்லூரியில், என் வகுப்புக்கென்று இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறந்தேன். யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம், அடியில் மற்றவர்கள் பதில் போடலாம். பிளாக் என்ற பேரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. 'கிளாஸ் பேஜ்' என்போம். கன்னடமோ தமிழோ, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான்.

ஒரே லைன்

கல்லூரிக்கு இருந்தது ஒரே டெலிபோன் லைன். அது பிரின்சிபால் அறை வழியாகத்தான் கம்ப்யூட்டர் ரூமுக்கு வரும். அவர் ரிசீவரை எடுத்தால் எங்கள் இணைப்பு அறுந்துவிடும். பிள்ளைகள் அடித்ததெல்லாம் போய், முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் போய் முறையிட்டேன். நல்ல மனுஷர், அன்றிலிருந்து போனைத் தொடுவதற்கு முன் எங்கள் வாசலில் வந்து நின்று கேட்பார்:

"மேடம், ஹிஸ்டரி ஆய்தா, முடிஞ்சுதா? நான் ஒரு போன் பண்ணணும்."

வீட்டுப் பக்கத்து வரலாறு

அவரவர் வசிக்கும் இடத்தின் வரலாற்றை எழுதச் சொன்னேன். தீபாவின் வீடு விஜயநகரில். மைசூரில் புதிதாக வந்த லேஅவுட் அது, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், செகண்ட் ஸ்டேஜ் என்று பிரித்திருப்பார்கள். தீபா பாடப் புத்தகத்தைத் திறந்து விஜயநகரப் பேரரசை அப்படியே இறக்கிவிட்டாள். ரத்தினக் கடைவீதி, யானைப்படை, ஒன்றையும் விடவில்லை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம் கௌதள்ளியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பழனிசாமி வகுப்பில் வாயே திறக்காதவன். அவன் அடியில் எழுதியிருந்தான்:

"யானைப்படை எந்த ஸ்டேஜ்ல இருந்துச்சுங்க?"

யாரோட நிலம்?

தீபா கோபித்துக்கொண்டு, ஒரே வரியில் மாற்றி எழுதினாள்: 'எங்கள் தெருவுக்கு வரலாறு கிடையாது, முன்னால் வெறும் ராகி நிலம்.' பழனிசாமி விடவில்லை. 'யாரோட நிலம்?' என்று கேட்டான்.

மறுநாள் தீபாவின் அப்பா ரங்கநாதன் வந்துவிட்டார். பேங்கில் ரிட்டயர் ஆகி, வந்த பணத்தையெல்லாம் போட்டுக் கட்டிய வீடு. "நிலம் யாரோடதுன்னு கேஸ் போடப் போறாங்களா மேடம்? உலகமே பாக்குதாமே! உடனே அழிங்க. இல்லேன்னா இவளை வேற சப்ஜெக்ட்ல சேத்துடறேன்." தீபா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

பழனிசாமியைக் கூப்பிட்டேன். வந்து நின்று சொன்னான்: "இல்லீங்க சார், எங்கப்பாவும் ராகிதான் போடறாருங்க. 'வெறும் நிலம்'னு எழுதியிருந்துச்சு. நிலம்னா யாராச்சும் உழுதிருப்பாங்கல்ல, அவங்க என்ன ஆனாங்கன்னுதான் கேட்டேனுங்க."

ரங்கநாதன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகம் தணிந்துவிட்டது. எழுந்துகொண்டே சொன்னார்:

"சரி, அழிக்க வேணாம். ஆனா கீழே, எங்க வீட்டு சைட் முறைப்படி ரிஜிஸ்டர் ஆயிடுச்சுன்னு ஒரு வரி போட்டுடுங்க."

எப்போது வந்தாய்?

பிறகு பழனிசாமி தன் ஊரைப் பற்றி எழுதினான். அடியில் பெயர் போடாமல் யாரோ கன்னடத்தில் கேட்டிருந்தார்கள்: 'தமிழன்தானே நீ, கர்நாடகாவுக்கு எப்போ வந்தே?' உடனே பழனிசாமியைக் கூப்பிட்டு, அழித்துவிடுகிறேன் என்றேன். "வேண்டாங்க மேடம், கேள்விதானுங்களே" என்று, ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதில் அடித்தான்: 'தாத்தா காலத்துல கோயமுத்தூர் ஜில்லா. அப்பா காலத்துல மைசூர் ஜில்லா. இப்ப நான் சாமராஜநகர் ஜில்லா. வீடு மாறவே இல்லை.'

இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. திறந்தபோது, கேட்டவன் பதில் போட்டிருந்தான். இந்தத் தடவை மகேஷ் என்று பெயரும் இருந்தது:

"சாரி பழனிசாமி. உங்க ஊர் பஸ் எங்கே நிக்கும்?"

இவ்வளவும் நடந்த அந்த வருஷப் பரீட்சையில், இதிலிருந்து ஒரு மார்க்குக்குக்கூடக் கேள்வி வரவில்லை.