கரியாலூர்ல எறங்கணும்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. பட்டப்பகலில், ஆகாயத்தில் பேயா என்று சிரிப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஜெனிபர் வாயாலேயே இதைக் கேட்டவன் நான்.

ஜெனிபர் பினாங்கில் பிறந்து வளர்ந்த மலேசியாக்காரி. அப்பாவின் ஊரான சின்னசேலத்தைப் பார்க்க, நாலு வயது மகள் லிடியாவோடு முதன்முதலாக இந்தியா வந்தாள். சென்னையில் இறங்கி, சேலத்துக்கு உள்ளூர் விமானம் மாறினாள். இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றுகிற சின்ன விமானம். உள்ளே பாதி காலி. எடை சமமாக இருக்க வேண்டுமாம், பணிப்பெண் தாயையும் மகளையும் கடைசி வரிசைக்கு மாற்றினாள். ஊரும் புதுசு, முறையும் புதுசு. ஜெனிபர் லிடியாவை ஜன்னலோரம் வைத்து உட்கார்ந்தாள்.

மேலே ஏறிய பிறகுதான் கவனித்தாள். நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒருவன்... ஏறும்போது அங்கே யாரும் இல்லை. இடுப்பில் பெல்ட் இல்லை. மேலெல்லாம் ஆஸ்பத்திரி மருந்து வாடை. லிடியாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எம் பொண்ணுக்கும் இதே வயசுதான். கரியாலூர்ல இருக்குது. போன்லதான் பாத்துருக்கேன்.”

ஜெனிபருக்குப் பாவமாக இருந்தது. மலேசியா இழுவையில் சொன்னாள்: “இன்னும் கொஞ்ச நேரந்தான் லா. நேர்லயே பாத்துருவீங்க.”

மணி 12.10. கீழே, கரியாலூர் இருக்கிற கல்வராயன் மலை. அவன் எழுந்தான். பஸ்ஸை நிறுத்தத் தட்டுவதுபோல விமானத்தின் சுவரைத் தட்டினான்.

டம்... டம்...

“கரியாலூர்ல எறங்கணும். நிறுத்து.”

கிறுக்கன் போலிருக்கிறது என்று ஜெனிபருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

டம்!

இந்த முறை கையால் அல்ல. தலையால். நெற்றி பிளந்து, ஜன்னலில் ரத்தம் வழிந்தது. முன்னால் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நிறுத்துடா!”

டம்! மண்டை உள்ளே போனது. பாதி முகம் நசுங்கிவிட்டது. மிச்சப் பாதி லிடியாவைப் பார்த்துச் சிரித்தது.

“வா கண்ணு... நாம எறங்கலாம்.”

ஜெனிபரைத் தாண்டி வந்த கை, குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. லிடியா வீறிட்டாள். பெல்ட் அவள் வயிற்றை அறுத்தது. அவனுடைய இன்னொரு கை பின்னால் கதவைத் தேடியது.

ஜெனிபர் கடித்தாள். அறைந்தாள். அவன் கண்ணுக்குள் நகத்தை விட்டாள். அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, முன் இருக்கையில் மோதினான். மறுபடி மோதினான்.

வாயெல்லாம் ரத்தம்.

குழந்தையின் தோளில் மளுக்கென்று ஒரு சத்தம்...

“ஐயோ, இது உன் பொண்ணு இல்ல! உன் பொண்ணு கீழ இருக்கா! அவகிட்ட போ!”

பிடி தளர்ந்தது.

“ஆமால்ல...” என்றான்.

ஆள் இல்லை.

சேலத்தில் இறங்கியபோது, ஜெனிபரின் ரத்த வாயையும் லிடியாவின் வீங்கிய தோளையும் பார்த்து, எங்கே விழுந்தீர்கள் என்று பணிப்பெண் கேட்டாள். அவள் யாரையும் பார்க்கவில்லையாம். வெளியே சித்தப்பா தைரியநாதன் காத்திருந்தார். பக்கத்தில் நாலு பேர் ஒரு நீளமான மரப்பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு நின்ற பெண்ணுக்குப் போன் வந்தது. கேட்டவள் மாரில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். சித்தப்பா ஓடிப்போய் விசாரித்து வந்தார்.

“நீ வந்த பிளேன்லதான் அந்தப் பொணமும் வந்துச்சாம்மா. அன்புச்செல்வன்னு கரியாலூர்க்காரன். வெளிநாட்டுல மிஷின்ல மண்ட நசுங்கி செத்துட்டானாம். அது அவன் பொண்டாட்டி. பொணத்த வாங்க வந்த எடத்துல, வூட்ல இன்னொரு சாவாம்.”

“யாரு?”

“அவன் பொண்ணு. நாலு வயசு. வாசல்ல வெளையாடிக்கினு இருந்த புள்ள, அப்பா வந்துடுச்சுன்னு ஒரு கைய மேல தூக்கிக்கினே ஓடுச்சாம். பாறையிலேர்ந்து வுழுந்துடுச்சு. மணிக்கட்டுல அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்குதாம். பன்னெண்டே கால் இருக்கும்ன்றாங்க.”

ஜெனிபர் லிடியாவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அந்தப் பெண் அவள் காலடியில்தான் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். அவனுக்கு வழி சொன்னது யார் என்று ஜெனிபர் அவளிடம் சொல்லவில்லை.