டிக்ரோ வாட்ச்சும் உட்கார்ந்தபடி நடந்த புவனா அக்காவும்

ஸ்மார்ட் வாட்ச் விற்கிற கடையில் நின்ற யாருக்கும் தெரியும், நேரம் பார்ப்பதற்காக அதை ஒருத்தரும் வாங்குவதில்லை.

கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இப்போது எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். அதற்கு முன்னால் பி.எஸ்ஸி. படித்தபோது, தினமும் கல்லூரி விட்ட பிறகு ஆரணியில் அன்வர் பாய் செல்போன் கடையில் வேலை. நன்றாகப் பேசுகிறேன் என்று சொல்லித்தான் பாய் என்னைச் சேர்த்துக்கொண்டார். பின்னால் அவர் பலமுறை தலையில் கை வைத்ததற்கும் காரணம் அதே பேச்சுதான். எங்கள் ஊருக்கு முதன்முதலாக வந்த ஸ்மார்ட் வாட்ச் டிக்ரோ. அது வந்ததையும் வளர்ந்ததையும் கவிழ்ந்ததையும் அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்றே பார்த்தேன்.

புடவைக் கடைக்கு வெளியே நிற்கிறவர்கள்

எங்கள் கடைக்கு இரண்டு பக்கமும் பட்டுப் புடவைக் கடைகள். முகூர்த்த மாதம் வந்தால் வேன் வேனாகக் கல்யாண வீட்டார் வந்து இறங்குவார்கள். பெண்கள் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஆண்கள் கொஞ்ச நேரம் தலையை ஆட்டுவார்கள், டீ குடிப்பார்கள், பிறகு தெருவில் நிற்பார்கள். போக்கிடம் இல்லாத அந்த ஆண்கள்தான் டிக்ரோவின் முதல் வாடிக்கையாளர்கள். "சும்மா கட்டிப் பாருங்க" என்று ஒரு வாட்ச்சைக் கையில் மாட்டிவிட்டால் போதும். பத்து நிமிடத்தில் நாடித் துடிப்பு, தூக்கம், நடை எல்லாம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சேத்துப்பட்டிலிருந்து மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த ஒருவர், மாப்பிள்ளைக்கு ஒன்றும் தனக்கு ஒன்றும் வாங்கினார். மாப்பிள்ளைக்குச் சரி, உங்களுக்கு எதற்கு என்று கேட்டேன். விற்கிறவள் கேட்கக் கூடாத கேள்வி, ஆனால் எனக்கு வாய் நிற்காது. அவர் பக்கத்துக் கடை வாசலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள போனாங்கன்னா எவ்ளோ நேரம் ஆச்சின்னு ஒத்துக்கவே மாட்டாங்கம்மா. இனிமே ஆதாரம் கையில கீது."

கடையில் ஆம்பள இல்லையா

இந்தக் கேள்வியைக் கேட்காத வாரமே இல்லை. வெம்பாக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். புளூடூத் எப்படி வேலை செய்கிறது, மழையில் நனைந்தால் என்ன ஆகும், சார்ஜ் எத்தனை நாள் நிற்கும் எல்லாம் சொன்னேன். முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கடையில ஆம்பள யாரும் இல்லியாமா?" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த மூளைக்கும் மீசைக்கும் என்ன சம்பந்தம் என்று ஆரம்பிக்கப் போனேன்.

அதற்குள் பாய் நாஷ்டா முடித்துக் கை துடைத்துக்கொண்டு வந்தார். அவரிடம் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார் வெம்பாக்கத்துக்காரர். பாய் வாட்ச்சை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு மரியாதையாக அதை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் ஆம்பளதாங்க, ஆனா இத ஆன் பண்றதே எனக்குத் தெரியாது."

எழுந்திருக்காமல் கிரிவலம்

புவனா அக்கா எங்கள் பக்கத்துத் தெரு. கைத்தறியில் பட்டு நெய்கிறவர். தம்பி பிறந்த நாளுக்கு வாங்கித் தந்த டிக்ரோவை ஒரு நாள் கழற்றிக்கொண்டு வந்து கல்லா மேல் வைத்தார். "இது பொய் சொல்லுது. மாத்திக் குடு." என்ன பொய் என்றேன். காலையிலிருந்து தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். வாட்ச்சோ ஆயிரக்கணக்கில் நடந்தீர்கள், சபாஷ் என்று பட்டாசு வெடித்துக் காட்டுகிறதாம்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. படிக்கிற பாடம் கண்ணெதிரே நடக்கிறதே. அக்காவோடு வீட்டுக்கே ஓடினேன். அவர் வாட்ச்சை மறுபடி மாட்டிக்கொண்டு தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தார். வலது கை கயிற்றை இழுக்க, ஊடை நூல் சுற்றிய நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பறந்தது. இடது கை பலகையைத் தள்ளித் தள்ளி இழுத்தது. கால் மிதியை மாற்றி மாற்றி அழுத்தியது. வாட்ச் இருந்தது இடது கையில். நடக்கிறவர் கை எப்படி முன்னும் பின்னும் போகுமோ, அப்படியே போனது. அந்த வாட்ச்சுக்குக் கண்ணா இருக்கிறது? கை ஆடினால் நடை என்று எண்ணிக்கொண்டே போகிறது. இதையெல்லாம் விளக்கி, வாட்ச்சில் கோளாறு இல்லை அக்கா என்றேன். அவர் வாட்ச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்போ நான் இத்தினி நாளா தறியில உக்காந்துகினே கிரிவலம் சுத்திகினு கீறேன், ஒருத்தரும் சொல்லல."

செய்யாற்றிலிருந்து வந்த ஜிம் மாஸ்டர்

அந்தச் சமயம் டிக்ரோ உச்சத்தில் இருந்தது. நடைத் திருவிழா என்று ஒரு போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் அதிகம் நடந்தவருக்குக் குடும்பத்தோடு விமானப் பயணம். யார் எந்த இடம் என்பது எல்லோருடைய போனிலும் தெரியும். எங்கள் மாவட்டத்தில் இரண்டே வாரத்தில் முதலிடத்தில் நின்றது புவனேஸ்வரி, ஆரணி. தெருவே துள்ளியது. அக்காவைப் பார்த்து நெசவாளர் வீடுகளில் ஆளுக்கொரு டிக்ரோ வாங்கினார்கள். பாய் சென்னைக்குப் போன் மேல் போன் போட்டு ஜல்தி ஜல்தி என்று சரக்கு இறக்கினார். அக்கா இதுவரை விமானத்தைக் கீழேயிருந்து மட்டும் பார்த்தவர். ஜன்னல் சீட்டு தனக்கு, அடுத்தது வீட்டுக்காரருக்கு என்று ஓரகத்தியிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

இரண்டாமிடத்தில் இருந்தவர் செய்யாற்றில் ஜிம் நடத்துகிற தினகரன் மாஸ்டர். விடிகாலையில் எழுந்து ஓடுகிறவர். தன்னை ஓட்டத்தில் மிஞ்சுகிற பெண்மணி யார் என்று பார்க்க எங்கள் கடைக்கே வந்தார். நான் பெருமையாக அக்கா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். தறியைப் பார்த்தார். முகம் மாறியது. "இவங்க நடக்கவே இல்லியே" என்றார். விடுவேனா? தெருவில் நிறுத்தியே கேட்டேன். உங்கள் ஜிம்மில் நிற்கிற சைக்கிளை மிதிக்கிறவர் எந்த ஊருக்குப் போய்ச் சேர்கிறார்? அவர் செய்தால் உடற்பயிற்சி, அக்கா செய்தால் உட்கார்ந்திருப்பதா? உடல் உழைப்பு வேர்வையால் ஆனதா, ஷூவால் ஆனதா? 'உங்கள் ஒவ்வொரு அசைவும் எண்ணப்படும்' என்று பெட்டி மேலேயே அச்சடித்திருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்? மாஸ்டர் பொறுமையாக எல்லாம் கேட்டார். பிறகு பைக்கை உதைத்துக்கொண்டே, "கம்பெனிக்கு எழுதத்தான் போறேன், அதுல மாத்தம் இல்ல. ஆனா பாப்பா, நீ வக்கீலுக்குப் படி" என்றார்.

நாய் வால்

சொன்னபடியே எழுதிவிட்டார். மூன்றாம் நாள் அக்காவின் பெயருக்கு எதிரே சிவப்பு எழுத்தில் வந்தது: மோசடி காரணமாக நீக்கம். அதையும் எல்லோருடைய போனிலும் பார்க்கலாம். தெருவில் எல்லார் கையிலும் டிக்ரோவைக் கட்டிவிட்டதே நான்தானே, எல்லோரும் பார்த்தார்கள். ஓரகத்தி தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சத்தமாகக் கேட்டாராம், "இன்னா புவனா, வாட்ச்ச நாய் வால்ல கட்டிவுட்டுட்டியா?"

அக்கா கடைக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. "பிளேனு கிடக்கட்டும். எனக்கு வேணாம். இந்த மோசடின்ற வார்த்தைய மட்டும் எடுக்கச் சொல்லு. நான் ஒரு இழைய மாத்திப் போட்டு நெய்ஞ்சவ இல்ல." அன்றைக்கு வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். பாட்டு, பாட்டு, மறுபடி பாட்டு. கடைசியில் ஒரு பெண் எடுத்தார். தறி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன். பாய் சைகையில் போதும் போதும் என்கிறார், நான் நிறுத்தவில்லை. அந்தப் பெண் பாவம், எதையோ பார்த்துப் படிக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. எல்லாம் கேட்டுவிட்டு மிக மென்மையாகச் சொன்னார்: "புரியுது மேடம், ஆனா உட்கார்ந்துகிட்டே நடக்கிறதுக்கு எங்ககிட்ட ஆப்ஷன் இல்லை மேடம்."

ஏரியா மேனேஜர் தறிக்கு வந்தார்

மெயில் மேல் மெயில் போட்டேன். பாய் தன் பங்குக்கு, இந்த வார்த்தையை எடுக்காவிட்டால் ஆரணியில் டிக்ரோ விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நம்பவில்லைதானே? எனக்கும் ஆச்சரியம்தான். ஏரியா மேனேஜர் பிரவீன் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இஸ்திரி போட்ட சட்டை, தூங்காத கண்.

தானே தறியில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். அக்கா ஒரே பார்வையில் நிறுத்தினார். "முகூர்த்தப் பொடவ சார். கை வைக்கக் கூடாது." சரியென்று பிரவீன் தன் கையிலிருந்த டிக்ரோவைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா அதைக் கட்டிக்கொண்டு நெய்தார். எண் ஏறியது. பிரவீன் தரையில் சம்மணமிட்டு, ஒருமுறை வாட்ச்சையும் ஒருமுறை குழிக்குள் மிதிக்கிற காலையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சட்டைக்குள்ளிருந்த பனியன் தெரிய வேர்த்துவிட்டது. அக்காவின் வீட்டுக்காரர் விசிறியை நீட்டியதும்தான் அசைந்தார். "இது மோசடி இல்ல. நான் எழுதுறேன்" என்றார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. கிளம்பும்போது வாசலில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில் அக்காவிடம் கேட்டார்: "இந்த வேலைய கத்துக்க எவ்ளோ நாள் ஆகுங்க?"

மாப்பிள்ளை கையில் நின்ற வாட்ச்

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று அடுத்த மாதமே புரிந்தது. ஸ்ட்ராப் கேட்டால் வரவில்லை. சார்ஜர் கேட்டால் வரவில்லை. ஒரு நாள் காலையில் எல்லா வாட்ச்சும் போனோடு பேசுவதை நிறுத்திவிட்டன. டிக்ரோ கம்பெனியை மூடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் கடை வாசலில் கூட்டம். முதல் நாள் விற்பனைக்கு வந்ததைவிடப் பெரிய கூட்டம். ஒரே பேஜார். கம்பெனி செய்ததற்கு நாங்கள் என்ன செய்வோம் என்று நான் ஒரு பக்கம் வாதாடுகிறேன், பாய் ஒரு பக்கம் டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கிறார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் சேத்துப்பட்டுக்காரர். ஆமாம், ஆதாரம் கையில் வைத்திருந்த அதே ஆள். மகள் கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச் தாலி கட்டிய வாரமே நின்றுவிட்டது. சம்பந்தி வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்களாம். இது சர்வர் கோளாறு, உலகம் பூராவும் நின்றுவிட்டது என்று விளக்கினேன். அவர் என் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்: "இத்த அப்படியே எங்கூட வந்து சம்மந்திகிட்ட சொல்லிடும்மா, நான் சொன்னா சமாளிக்கிறேன்றாங்கோ."

கடைசியாக வந்த போன்

வாட்ச்தான் நின்றதே தவிர போனில் ஆப் இன்னும் திறந்தது. இந்த அமளியில் அக்காவின் மோசடி அதில் அப்படியே சிவப்பாக நின்றது. கம்பெனியே போகப் போகிறது, யார் கையால் அதை எடுப்பது? அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செத்த கம்பெனி மேல் வழக்கா போட முடியும்?

மூடுகிற தினம் சாயங்காலம் கடைக்குப் போன். பிரவீன். "சிஸ்டர், ஆபீஸ்ல நாலு பேர்தான் இருக்கோம். நாற்காலியெல்லாம் ஏத்திட்டாங்க. லிஸ்ட்டைப் பாருங்க." பார்த்தேன். சிவப்பு எழுத்து இல்லை. முதலிடம், புவனேஸ்வரி, ஆரணி. எண்ணிக்கை முழுசாகத் திரும்பி வந்திருந்தது. நான் போட்ட சத்தத்தில் பாய் கையிலிருந்த டீ கொட்டியது. இது நிலைக்குமா, நாளைக்கு யாராவது மறுபடி எடுத்துவிட்டால் என்று கேட்டேன். பிரவீன் சிரித்தார்: "எடுக்கிறதுக்கு இங்க ஆளே இல்ல சிஸ்டர், நான் லைட்டை அணைச்சுட்டுக் கிளம்புறேன்."

மாவட்ட முதலிடம்

அந்தப் பட்டியலை அப்போதே படம் பிடித்துக் கலரில் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து அக்காவிடம் கொடுத்தேன். அன்று இரவுக்குப் பிறகு ஆப் திறக்கவே இல்லை. விமானமும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. அடுத்த வாரம் தினகரன் மாஸ்டர் தன் செத்த வாட்ச்சோடு கடைக்கு வந்தார். பட்டியல் தறி பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது என்றதும் போய்ப் பார்க்கணும் என்றார். பயந்துகொண்டேதான் கூட்டிப் போனேன்.

ஓரகத்தியும் அங்கே இருந்தார். மாஸ்டர் பட்டியலில் தன் பெயர் இரண்டாவதாக இருப்பதை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இந்தக் காலு ஓயாம மிதிக்குது, அத அன்னைக்கு நான் பாக்கல" என்றார். எனக்கு வாதாட ஒன்றும் இல்லாமல் போனது, அதுவே ஒரு மாதிரி ஏமாற்றம். ஓரகத்தி மட்டும் விடவில்லை. இழுத்து மூடின கம்பெனியில் முதலிடம் வந்தால் என்ன, கடைசி வந்தால் என்ன என்றார். அக்கா நாடாவை நிறுத்தவே இல்லை. நெய்துகொண்டே சொன்னார்: "என்னிய தோக்கடிக்கணும்னா, போய் மொதல்ல அந்தக் கம்பெனியத் தொறந்துட்டு வா."

ஊரையே எழுந்து நடக்கச் சொன்ன கம்பெனி படுத்துவிட்டது, எழுந்திருக்காதவர்தான் இன்றுவரை எங்கள் மாவட்டத்தின் நடை சாம்பியன்.