மாமாவின் வலது கை

என் தாய்மாமா பந்தாட்டத்தில் பேக். கோலுக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிறவனை மறித்துத் திருப்பி அனுப்புகிற ஆளுக்கு அதுதான் பெயர். கோல் போட்டவனை மாலை போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். பேக்குக்கு முழங்காலில் காயம் மிஞ்சும். பின்னாளில் மாமா எஸ்டேட் அணியில் சம்பளத்துக்கு விளையாடி, அங்கிருந்து கொல்லம், திருவனந்தபுரம் என்று போய், முட்டி தேயும் வரை பந்தடித்தே பிழைத்தார். அந்தப் பிழைப்பு தொடங்கிய நாளில் நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எட்டு வயதிருக்கும். எங்கள் பக்கம் இன்னும் திருவிதாங்கூர்–கொச்சியோடு ஒட்டிக்கொண்டிருந்த காலம்.

மாமாவைத் தாண்டிப் பந்து போகாது. ஆனால் அவரிடம் ஒரு கோளாறு இருந்தது. யார்மேல் கால் பட்டாலும் அவருடைய வலது கை தானாகப் போய் அந்த ஆளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். எல்லார் வீட்டிலும் சொல்லிக்கொடுக்கிற மரியாதைதான். மற்றவர்கள் பந்தடிக்க வரும்போது அதைச் சட்டையோடு கழற்றி வைத்துவிடுவார்கள். மாமாவுக்கு அந்த வித்தை தெரியவில்லை. வருகிறவனைக் காலால் உருட்டிவிடுவார். உடனே குனிந்து அவனைத் தொட்டுக் கும்பிடுவார். அதற்குள் பந்து கோலுக்குள் கிடக்கும்.

குளச்சல் பையன்கள் கெட்டிக்காரர்கள். ஒரே ஆட்டத்தில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவன் வலிய வந்து மாமாவின் காலில் தன் காலைக் கொடுப்பான்; மாமா கும்பிட்டுக்கொண்டிருக்கையில் இன்னொருவன் கோல் போடுவான். அன்று எங்கள் ஊர் தோற்றதை வெளியே சொல்ல முடியாது.

"ஏலே, நீ பந்தடிக்க வந்தியா, கோயிலுக்கு வந்தியா?" என்று கேட்டார் சாயாக்கடைக்காரர். அவர்தான் எங்கள் கேப்டன்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. மலையில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் அணிக்கு நல்ல பேக் தேடுகிறார்களாம். ஆளைப் பிடித்துப்போனால் வேலையும் உண்டாம். மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து குளச்சலோடு மறுபடி நடக்கப்போகும் ஆட்டத்தைப் பார்க்க மேனேஜரே வருகிறாராம். மாமாவுக்கு இது வெறும் வேலை அல்ல. பக்கத்து வீட்டுப் பெரியவரின் மகளை அவருக்குப் பிடித்திருந்தது. நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவளுக்கும் அப்படித்தான். பெரியவரோ, "வேலையோட வா, பொண்ணைத் தாறேன். பந்தை உருட்டிக்கிட்டு வந்தா சோறு பொங்குமா?" என்று சொல்லிவிட்டார்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். மாமாவுக்கு அவ்வளவு தவணை இல்லை. அறுப்புக்குள் விட்டாக வேண்டும். பயிற்சியின்போது கேப்டன் அவருடைய வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிவிட்டார். வீட்டில் அந்தப் பொறுப்பு எனக்கும் தம்பிக்கும் வந்தது. மாமா நடக்கிற வழியெல்லாம் படுத்துக் காலை நீட்டுவோம். மிதித்துவிட்டுத் தொட்டாரானால் தலையில் ஒரு குட்டு. பெரிய ஆளைக் குட்டுகிற அதிகாரம் எங்களுக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

"பிள்ளேளச் சவுட்டியா பந்து படிக்கே? வெளங்கும்லே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒருநாள் சாப்பிட வந்த மாமா அம்மாவின் காலையே மிதித்துவிட்டுப் பேசாமல் போய்ப் பலகையில் உட்கார்ந்தார். தன் தம்பி இப்படிக் கெட்டுப்போனானே என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். நானும் என் தம்பியும் குதித்தோம்.

ஆட்டம் நடந்தது பெரியவரின் வயலில். அறுத்த தாள் காலைக் குத்தும். வரப்புதான் எல்லைக் கோடு. பெரியவர் வரப்பில் வெற்றிலைச் செல்லத்தோடு அமர்ந்து, இரண்டு காலையும் வயலுக்குள் நீட்டியிருந்தார். நடுவர் பணிவாக, கொஞ்சம் மடக்கிக்கொள்ளலாமே என்றார்.

"வயலு என்னுது. காலும் என்னுது" என்றார் பெரியவர். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

மாமா அன்று ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். குளச்சல் பையன்கள் காலைக் காலைக் கொடுத்துப் பார்த்தார்கள். மாமா மிதித்தார், போனார். குடைக்கடியில் மேனேஜர் தலையாட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். முடிகிற நேரம் பந்து வரப்பை ஒட்டி உருண்டது; குளச்சல்காரன் ஒருவன் அதன்மேல் பாய்ந்தான்.

"விடாதலே! அடிச்சுத் தள்ளு மக்கா!" என்று கத்தினவர் வேறு யாருமில்லை, பெரியவர்தான்.

மாமா அடித்தார். அடித்த கால் அதே வேகத்தில் போய்ப் பெரியவரின் தொடையில் இறங்கியது. வெற்றிலைச் செல்லம் கவிழ்ந்து ஓடியது. பந்தோ குளச்சல்காரன்மேல் பட்டுத் திரும்பி, கோல் காக்கிறவன் முன்னால் ஓடி வந்துவிட்டதால் ஆளில்லாமல் கிடந்த எங்கள் கோலைப் பார்த்து உருண்டது. மாமா பந்தைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். வலது கை மெல்லக் கீழே இறங்கியது.

"மாமா, கை!" என்று நானும் தம்பியும் ஒரே குரலில் அலறினோம்.

கை பாதியில் நின்றது. மாமா ஓடினார். கோல் வாயிலிருந்து அவர் உதைத்த உதையில் பந்து அடுத்த வயலுக்குப் போனது. ஆட்டம் முடிந்ததென்று நடுவர் விசில் ஊதினார். மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டு, வருகிற திங்கட்கிழமையே எஸ்டேட்டுக்கு வந்துவிடச் சொன்னார்.

மாமா புழுதியும் சிராய்ப்புமாகப் பெரியவர் வீட்டுக்கு ஓடினார், தொட்டுக் கும்பிட. பெரியவர் கட்டிலில் சம்மணம் போட்டு, காலைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

"அப்பம் வராத்த கையி இப்பம் எதுக்குலே? ஊரு பாக்க என்னச் சவுட்டிட்டு, திரும்பிப் பாக்காம ஓடினவனுக்கு எம் பொண்ணு இல்ல. வேலை கெடச்சுட்டுல்லா, போ."

"நீங்கதானே அண்ணாச்சி அடிக்கச் சொன்னிய?" என்றார் கூடப் போன கேப்டன்.

"பந்தை அடிக்கச் சொன்னேன்."

அதற்குமேல் வழக்கு நிற்கவில்லை. திங்கட்கிழமை மாமா மலைக்குப் போனார். ஆவணியில் அக்காவைச் சுசீந்திரத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. முன்கட்டில் அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது நான் பின்வாசல் வழியாக அக்காவிடம் ஓடியிருந்தேன். சமைந்த பெண் என்று அவளை ஆட்டம் பார்க்க விடவில்லை. ஒன்று விடாமல் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது.

அக்கா அம்மிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். "மெய்யாவே அப்பாவைத் தொட்டுக் கும்பிடல்லியாட்டி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா! கை பாதி வரைக்கும் போச்சு. நாங்க கத்தினோம். நிறுத்திட்டாரு. ஒடனே ஓடிப்போய் கோலுல…"

"பாதி வரைக்கும் போச்சா?"

"ஆமா."

"எப்படிப் போச்சு? காட்டு."

மாமாவைப் போலவே குனிந்து கையை இறக்கிக் காட்டினேன். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி காட்டச் சொன்னாள். நான் கோலைக் காப்பாற்றின கதைக்கு வரும்போதெல்லாம், "அது கெடக்கட்டும். கையைக் காட்டு மக்கா" என்றாள்.

எனக்குச் சலித்துப்போயிற்று. பந்தாட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்றே இந்த அக்காவுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.